பயணத் திட்டத்தில் இல்லாத பத்தாவது தலம்

வந்து பாருங்கள், பெரியோர்களே, தாய்மார்களே! கையில் இருக்கும் வேலையைச் சற்றே கீழே வைத்துவிட்டு வந்து பாருங்கள். ஓர் அநீதி நடந்துகொண்டிருக்கிறது. நடக்கும் இடம் சிறைச்சாலை அன்று, நீதிமன்றமும் அன்று. செங்கல்பட்டைத் தாண்டிச் சென்னையை நோக்கி விரையும் வாடகைக் கார் ஒன்றின் குளிரூட்டிய பின்னிருக்கை. அங்கே தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவள் பிரபாவதி, வயது நாற்பத்தாறு. அவள் செய்த குற்றம், காலையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தது.

சிரிக்க வேண்டாம். முழுவதையும் கேட்ட பிறகு சிரிக்கலாம், சிரிப்பு வந்தால்.

பிரபாவதியின் கணவர் ஜானகிராமன் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சிப் பணியில் இருப்பவர். வாரத்தில் ஐந்து நாள் கண்ணுக்குத் தெரியாத அணுவை ஆராய்வார். விடுமுறை நாளில் கண்ணுக்குத் தெரிந்த கல்லை ஆராய்வார். பல்லவர் கல், சோழர் கல், டச்சுக்காரர் கல்லறையின் கல் என்று எதில் எழுத்து இருந்தாலும் நின்று, படித்து, படம் பிடித்து, அட்டையில் செருகிய தாளில் குறித்துக்கொண்ட பிறகே அங்கிருந்து நகர்வார். குடியிருப்பின் வாசலில் காட்டுவதற்காகக் காலையில் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையை இரவுச் சாப்பாடு வரை கழற்ற மாட்டார். கழற்றினால் கழுத்து இலேசாகிவிடுகிறது என்பது அவர் புகார்.

அப்படிப்பட்டவர் வகுத்த திட்டம்தான், மனைவியோடும் மகளோடும் கிளம்பிய அன்றைய பயணம். ஒரே நாளில் ஒன்பது தலங்கள். சதுரங்கப்பட்டினம் கோட்டை, இருபத்தைந்து நிமிடம். திருக்கழுக்குன்றம், படியேற்றம் உட்பட எழுபது நிமிடம். கொளவாய் ஏரி, பறவை இருந்தால் பதினைந்து நிமிடம், இல்லாவிட்டால் ஐந்து. வல்லம் குடைவரை, சிங்கப்பெருமாள் கோயில், கோவளம், திருவிடந்தை, புலிக்குகை, முடிவாக மாமல்லபுரம். மகேந்திரவர்மனுக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. நரசிம்மருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒருகாலத்தில் வந்துகொண்டிருந்து, இப்போது வராமலே போய்விட்ட கழுகுகளுக்குக்கூட, ஒருவேளை வந்துவிட்டால் என்று ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மனித உடம்புக்கு ஒதுக்கிய நிமிடம் மட்டும் சுழியம்.

மனித உடம்பு என்று பொதுவாகச் சொல்வதும் பிழைதான். ஆணின் உடம்புக்கு ஒதுக்கீடு எதற்கு? வல்லத்துக்குப் போகும் வழியில் ஒரு புளியமரத்தைக் கண்டதும் ஓட்டுநர் சின்னையன், "சார், ஒரு நிமிசம்" என்று காரை ஓரங்கட்டினான். "நானும் வரேன் இரு" என்று ஜானகிராமனும் இறங்கினார். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். திரும்பி வந்து அமர்ந்த ஜானகிராமனின் முகத்தில் தவம் முடித்தவரின் தெளிவு இருந்தது.

"என்ன ஒரு காத்து பிரபா! இயற்கைன்னா இயற்கைதான். நீயும் இறங்கியிருக்கலாம்."

"எதுக்கு?" என்றாள் பிரபாவதி.

அவர் உடனே வல்லத்துக் கல்வெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

கல்லைப் பற்றி அத்தனை தெரிந்த அந்த மனிதருடைய வீட்டுக்குள்ளேயே, எந்தப் பல்லவனும் செதுக்காத கல் ஒன்று இருந்தது. பிரபாவதியின் வலது சிறுநீரகத்தில், ஏழு மில்லிமீட்டர். அதன் வரலாறு எளியது. பயணம் என்றால் முந்தைய இரவிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவது நம் வீட்டுப் பெண்களின் நோன்பு. இந்த நோன்பு எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை; ஆனால் ஏகாதசியைவிடக் கண்டிப்பாக அனுசரிக்கப்படுவது. தஞ்சாவூருக்குப் போனாலும் தண்ணீர் இல்லை, தென்காசிக்குப் போனாலும் தண்ணீர் இல்லை. திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகளில் பிரபாவதி கணவரோடு முக்கால்வாசித் தமிழ்நாட்டைப் பார்த்துவிட்டாள்; எல்லாவற்றையும் உலர்ந்த நாக்கோடு பார்த்தாள். அந்த நோன்பின் பலனாகக் கிடைத்த வரம்தான் கல்லும், ஆறு மாதத்தில் இருமுறை வந்த தொற்றும், குளிர்காய்ச்சலும்.

மருத்துவர் ஜாய்ஸ் நயமாகச் சொல்பவர் அல்லர். "ஒரு நாளைக்கு மூணு லிட்டர். வந்தா உடனே போகணும், அடக்கக் கூடாது. மறுபடியும் அடக்கிட்டு, காய்ச்சலோட இங்க வந்து நின்னீங்கன்னா மாத்திரை எழுத மாட்டேன், அட்மிஷன் எழுதுவேன்" என்று எச்சரித்து அனுப்பியிருந்தார். அதனால்தான் அன்று பிரபாவதி நோன்பை முறித்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது குடித்தாள். மலைப்படி ஏறி இறங்கிக் குடித்தாள். ஏரிக்கரையில் குடித்தாள். சிங்கப்பெருமாள் கோயிலைக் கடந்தபோது, குடித்ததெல்லாம் நியாயம் கேட்கத் தொடங்கியது.

நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். சுவரில் ஆண், பெண் உருவங்கள், அம்புக்குறி, கீழே 'உங்கள் வசதியே எங்கள் மகிழ்ச்சி' என்ற வாசகம். அம்புக்குறி காட்டிய கதவில் ஒரு பூட்டு.

சின்னையன் அவளுக்காகப் போய்க் கேட்டான். "அண்ணாத்த, சாவி குடு. மேடத்துக்கு அவசரம்."

"சாவி மேனேஜராண்ட கீது."

"மேனேஜரு?"

"பேங்குக்குப் போய்கினு கீறாரு."

"எப்ப வருவாரு?"

"பேங்கு எப்ப வுடுதோ அப்ப."

அவர்களுடைய மகிழ்ச்சி வங்கிக்குப் போயிருந்தது. கார் நகர்ந்தது.

கூடுவாஞ்சேரியில் மதியச் சாப்பாடு. கூட்டம் நெருக்கியடித்த அந்த உணவகத்தில் பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை இருந்தது. அதன் கதவில் 'ரிப்பேர்' என்று எழுதிய பலகை தொங்கியது. என்று பழுதானதோ, அறிவித்த பலகையே துருப்பிடித்துவிட்டிருந்தது. பிரபாவதி இலையின் முன் வந்து அமர்ந்து, ரசத்தை வேண்டாம் என்றாள். மோரை வேண்டாம் என்றாள். பரிமாறியவர் அவளுடைய கட்டுப்பாட்டை மெச்சினார். "இந்தக் காலத்துல யாருக்கும்மா இப்படி வாயைக் கட்டத் தெரியுது!"

ஜானகிராமன் மோரை இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

"ஏங்க, எனக்கு முடியலை. வீட்டுக்குத் திரும்பிடலாமா?" என்று கை கழுவும் இடத்தில் மெல்லக் கேட்டாள்.

"வீட்டுக்கா? அம்பது கிலோமீட்டர் இருக்கு பிரபா. வழியிலதான் கோவளம். கடற்கரைன்னா டூரிஸ்ட் வர்ற இடம், எல்லா வசதியும் இருக்கும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அட்ஜஸ்ட்! எந்த மொழியிலிருந்து வந்தால் என்ன, இந்தச் சொல் தமிழ்க் குடும்பத்துக்குள் நுழைந்த நாள் முதல் பெண்ணைத் தவிர வேறு யாரையும் தேடிப் போனதில்லை.

கோவளத்தில் கடல் இருந்தது. வசதி, மாற்றிக் கட்டுவதற்காக இடிக்கப்பட்டிருந்தது. ஜானகிராமன் அலைக்கு முதுகைக் காட்டி நின்று அலையோடு சேர்த்துத் தன்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பிரபாவதி மணலில், மகள் பிரதீபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரதீபா பதினோராம் வகுப்பு. காலையிலிருந்து வெயிலில் சுற்றியதில் முகம் செம்பாகச் சிவந்திருந்தது. பிரபாவதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பெண் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"குடிடீ. வெயில் இப்படி அடிக்குது."

"வேணாம்மா. எனக்குப் பழக்கம்தான்."

"என்ன பழக்கம்?"

"ஸ்கூல்ல நான் தண்ணியே குடிக்கிறதில்லையே. காலைல எட்டு மணிக்கு வீட்டுல, அப்புறம் சாயந்திரம் வீட்டுல. எங்க கிளாஸ்ல எவளுமே குடிக்க மாட்டா. அந்த பாத்ரூமுக்கு யாரு போறது?"

"ஏன்டீ என்கிட்ட சொல்லலை?"

பிரதீபாவுக்கு அந்தக் கேள்வி வியப்பாக இருந்தது. "சொல்ல என்னம்மா இருக்கு? நீதானே சொல்லிக் குடுத்த. சின்ன வயசுல ஊருக்குப் போறப்பல்லாம், வாயை மட்டும் நனைச்சுக்கோ, முழுங்காதேன்னு."

அந்தப் பெண் குறையாகச் சொல்லவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல இயல்பாகச் சொன்னாள். பிரபாவதி கடலைப் பார்த்தாள். மகளின் திருமணத்துக்கென்று ஆண்டுதோறும் ஏதோ ஒரு நகை சேர்த்து வைப்பவள் அவள். நகையோடு ஒரு கல்லையும் சேர்த்து வைத்துக்கொண்டிருப்பது அந்த நிமிடம்தான் அவளுக்குத் தெரிந்தது.

திருவிடந்தையில் திருமணம் கைகூட வேண்டி மாலையணிந்த இளைஞர்கள் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆன பிறகு என்ன நடக்கும் என்று கேட்க அவர்களில் எவரும் பிரபாவதியிடம் வரவில்லை. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது விலாவுக்குக் கீழே வலி, முதலில் விரலால் தொட்டதுபோல், பிறகு கையால் பிசைவதுபோல். போன முறை இப்படித்தான் தொடங்கியது. மறுநாளே காய்ச்சல்.

கார் கிளம்பி இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. "நிறுத்துங்க" என்றாள் பிரபாவதி.

"புலிக்குகைக்கு நாலேகாலுக்குள்ள போகணும் பிரபா. அஞ்சு மணிக்கு மாமல்லபுரத்துல இருந்தாத்தான்..."

"சின்னையா, காரை நிறுத்துப்பா."

சின்னையன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். சாரின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. "தோ, முன்னாடி ஒண்ணு கீது மேடம். புதுசா கட்டிகீறாங்க, பளபளன்னு கீது. ஆனா..." என்று இழுத்தான்.

"ஆனா?"

"தொறந்து நான் பாத்ததில்ல."

அந்த இடத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள், மற்ற ஊர்க்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள். கடற்கரைச் சாலையின் ஓரம், சவுக்குத் தோப்பை ஒட்டி, இளஞ்சிவப்பு வண்ணத்தில், தாமரை மொட்டுப் போன்ற கூரையோடு நின்றது ஒரு கட்டடம். முகப்பில் ஆளுயரக் கருங்கல் பலகை. அதில் பொன்னெழுத்து: 'மகளிர் மாண்பு காக்கும் பயணியர் வசதி வளாகம்'. அதன் கீழே திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் என்று பதினொரு பெயர்கள். திறந்தவர்களின் பெயர் அத்தனை இருந்தது. பூட்டியவரின் பெயர் மட்டும் இல்லை. பித்தளைப் பூட்டு, உள்ளங்கை அகலம்.

பூட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காவலர் முனிசாமி அமர்ந்திருந்தார். காக்கிச் சட்டை, லுங்கி.

"கொஞ்சம் திறந்து விடுங்க" என்றாள் பிரபாவதி.

"சாவி இல்லம்மா."

"யார்கிட்ட இருக்கு?"

"ஆபீசுல கீது."

"ஆபீஸ் எங்க இருக்கு?"

"இன்னிக்கு லீவு."

எதிரில் கீற்று நிழலில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த எல்லம்மாள், கத்தியை நிறுத்தாமலே குரல் கொடுத்தாள். "அவனாண்ட இன்னாத்துக்கு ஆபீசு எங்கன்னு கேட்டுகினு கீற? ஆபீசு அவன் இடுப்புல கீது. அரணாக் கயித்துல தொங்குது பாரு."

முனிசாமி லுங்கியை இழுத்து விட்டுக்கொண்டார். "யேய், உன் கடைய பாரு. வாயி தெறந்தா மூடாது."

"உன் கக்கூஸு மூடுனா தெறக்காது, என் வாயி தெறந்தா மூடாது. சரியாப் போச்சி."

பொய் சொல்லிப் பிடிபட்டதில் முனிசாமிக்கு வெட்கம் இல்லை, கொள்கை இருந்தது. அவர் அதை விளக்கினார். "தொறந்து வுட்டா நாறடிச்சிடுவாங்கம்மா. ரெண்டு வருசமா ஒரு கறை கெடையாது உள்ள. மாவட்டத்துலயே இது மாதிரி சுத்தம் எதுவும் கெடையாது. மேலேர்ந்து செக்கிங் வந்தா தொறப்போம். வெள்ளக்காரங்க வந்தா தொறப்போம்."

"வெள்ளைக்காரங்களுக்கு மட்டுமா?"

"பின்ன? அவங்க போட்டோ புடிச்சி நம்ம மானத்த வாங்கிடுவாங்க இல்ல?"

அன்னியர் முன் போகக்கூடிய மானம் என்று ஒன்று நமக்கு உண்டு. அதைக் காக்க ஆளும் உண்டு, சாவியும் உண்டு. உள்ளூர்ப் பெண்ணின் முன் போகும் மானம் எந்தக் கணக்கிலும் இல்லை. பிரபாவதியின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு, கருங்கல் பலகைக்குக் கீழே இருந்த படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா!" என்று பிரதீபா ஓடி வந்தாள்.

இந்த நேரத்தில் ஜானகிராமன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பீர்கள். காரிலிருந்து இறங்கியவர் மனைவியின் பக்கம்தான் வந்தார். ஆனால் வழியில் ஒரு கல் நின்றது, அதில் எழுத்து இருந்தது. இருபது ஆண்டுப் பழக்கம் அவரைத் தடுத்து நிறுத்தியது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பதினொரு பெயரையும் முணுமுணுத்துப் படித்தார். திறந்த தேதியை அட்டைத் தாளில் குறித்தார். கைபேசியை எடுத்து நேராக ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பூட்டோடு சேர்த்து ஒன்று என மூன்று படங்கள் எடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சிறு அளவுநாடாவை இழுத்துக் கல்லின் அகலத்தை அளக்கத் தொடங்கினார்.

முனிசாமி திரும்பிப் பார்த்தார். கழுத்தில் அடையாள அட்டை. கையில் எழுதும் அட்டை. காதோரம் பேனா. கண்ணாடி. அளவுநாடா. சிரிப்பே இல்லாத முகம்.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கைபேசியில் தன் கான்ட்ராக்டரை அழைத்து, வாயைப் பொத்திக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி ரகசியம் பேசினார். "அண்ணே, வந்துட்டாங்கண்ணே! சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க! கல்ல அளந்துகினு கீறாரு... தெர்ல, பெரிய ஆளு மாதிரி கீது... சரி, சரி, தொறக்கிறேன்."

அடுத்த கணம் அரைஞாண் கயிற்றிலிருந்த சாவி வெளியே வந்தது. பித்தளைப் பூட்டு கிறீச்சிட்டுத் திறந்தது. எங்கிருந்தோ ஒரு பை பிளீச்சிங் பவுடர் வந்தது. வாசலில் கோலமாவைப் போல் தூவப்பட்டது. விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புது வாளியும் குவளையும் வந்தன. ஊதுபத்தி கொளுத்தப்பட்டது. "இளநி ஒண்ணு வெட்டு எல்லம்மா, சாருக்கு!" என்ற ஆணை பறந்தது.

"உன் சாருக்கு நுங்குதான் கீது. இளநி வேணும்னா மரத்துல ஏறு" என்றாள் எல்லம்மாள்.

ஜானகிராமன் அளவுநாடாவோடு விழித்தார். "இல்லீங்க, நான் சும்மா..."

"நீங்க பேசாம எழுதுங்க" என்றாள் பிரபாவதி படியிலிருந்து. இருபத்திரண்டு ஆண்டு மண வாழ்க்கையில் அவள் அவருக்கு இட்ட முதல் கட்டளை. அவர் பேசாமல் எழுதினார்.

முனிசாமி பணிவோடு திறந்து காட்டியது, சொல்லத் தேவையில்லை, ஆண்கள் பகுதியை. "பாருங்க சார். வந்து பாருங்க. கண்ணாடி மாதிரி கீது."

"பெண்கள் பகுதி?" என்றாள் பிரபாவதி, சுவரைப் பிடித்து எழுந்துகொண்டே.

"அது... அதுல கொஞ்சம் சாமான் கீதும்மா."

அவள் கதவைத் தள்ளினாள். தாய்மார்களே, மகளிர் மாண்பு காக்கும் வளாகத்தின் மகளிர் பகுதிக்குள் என்ன இருந்தது என்பதைக் கேளுங்கள். திறப்பு விழாவுக்கு விரித்த சிவப்புக் கம்பளம், சுருட்டி நிறுத்தியபடி. விழா மேடையின் நாற்காலிகள், கூரை வரை. வெட்டிய ரிப்பனின் இரு பாதிகள், வெட்டிய கத்தரிக்கோல், அது வந்த வெள்ளித் தட்டு. இவை அனைத்துக்கும் முன்னால், கதவை அடைத்துக்கொண்டு, மூங்கில் சட்டத்தில் ஒரு பெரிய பதாகை: 'பெண்மையைப் போற்றுவோம்!'

பெண்மையைப் போற்றும் பதாகை வழிவிட்டால்தான் பெண் உள்ளே போக முடியும் என்ற நிலை. எல்லம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். சின்னையன் வந்தான். பிரதீபா ஒரு முனையைப் பிடித்தாள். போற்றுவோம் முதலில் வெளியே வந்து சவுக்கு மரத்தில் சாய்ந்தது. பிறகு கம்பளம், பிறகு நாற்காலிகள் ஒவ்வொன்றாய். ஒவ்வொரு நாற்காலிக்கும் பிரபாவதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வழி கிடைத்ததும் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

சவுக்குத் தோப்பில் காற்று மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அவள் வெளியே வந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் நிமிர்ந்து நடந்தாள். குழாயில் முகம் கழுவினாள். "போ" என்றாள் மகளிடம். பிரதீபா போனாள். திரும்பி வந்த மகளிடம் பாட்டிலை நீட்டினாள். "இப்ப குடி. முழுங்கு." அந்தப் பெண் பாதிப் பாட்டிலை நிறுத்தாமல் குடித்தாள், தொண்டை ஏறி இறங்குவதைத் தாய் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு எல்லம்மாளிடம் திரும்பினாள். "நீங்களும் போயிட்டு வாங்க."

எல்லம்மாள் சிரித்தாள். "நானா? இதுக்கு நேரா ரெண்டு வருசமா கடை போட்டுகினு கீறேன். உள்ள இன்னா கலரு டைல்சுன்னுகூட தெரியாது."

"அப்ப எங்க போவீங்க?"

எல்லம்மாள் சவுக்குத் தோப்பைத் தலையால் காட்டினாள். "விடியறதுக்கு முன்ன ஒருக்கா. அப்பால, இருட்டுன பொறவு ஒருக்கா. நடுவுல, தோ, உன்ன மாதிரிதான்."

நுங்கு விற்பவள் நாள் முழுக்க ஒரு நுங்குகூடத் தின்பதில்லை. காரணத்தை யாரும் கேட்டதில்லை. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது, "பச்ச டைல்சு" என்று அறிவித்தாள். மீன் கூடையோடு பேருந்துக்கு நின்ற இரண்டு பெண்கள் கூடையை எல்லம்மாளிடம் விட்டுவிட்டு, எதுவும் கேட்காமல், வரிசையில் வந்து நின்றார்கள்.

முனிசாமி ஒரு குறிப்பேட்டை எடுத்து வந்தார். "சார், நல்லா கீதுன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்து..."

ஜானகிராமனின் நேர்மை அதற்கு மேல் தாங்கவில்லை. "மன்னிச்சுக்கோங்க. நான் ஆய்வுக்கு வந்தவன் இல்லை. கல்பாக்கத்துல வேலை. சுற்றிப் பார்க்க வந்தோம், அவ்வளவுதான்."

"அப்ப இன்னாத்துக்கு கல்ல அளந்த?"

"அது... எழுத்து நல்லா வெட்டியிருந்தாங்க."

முனிசாமியின் பணிவு ஊதுபத்திப் புகையோடு கலைந்தது. "இன்னா பேஜாருய்யா இது! யேய், எல்லாரும் வெளிய வாங்க! பூட்டணும்!" பூட்டைத் தேடினார். கதவில் இல்லை, நாற்காலியில் இல்லை, படியில் இல்லை. "பூட்டு எங்க?"

"என் பையில" என்றாள் பிரபாவதி.

"குடும்மா."

"மாட்டேன்."

"யம்மா, என் வேல பூடும்! கான்ட்ராக்டரு கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவருடைய குரல் உடைந்தது. பிரபாவதி அவரைப் பார்த்தாள். அவரும் யாருக்கோ பயந்து அடக்கிக்கொண்டிருப்பவர்தான். பெயரைக் கேட்டுக்கொண்டு குறிப்பேட்டை வாங்கினாள். கணவரின் காதோரத்திலிருந்து பேனாவை எடுத்தாள். நின்றபடியே எழுதினாள்: 'இவ்வளாகத்தின் பூட்டை எடுத்துச் சென்றது நான். காவலர் முனிசாமி பொறுப்பல்லர். பூட்டு வேண்டுவோர் என்னிடம் நேரில் வந்து, அது எதற்கு என்று காரணம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.' கீழே பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண், கையெழுத்து.

"தொறந்தே கெடந்தா யாரு கழுவுறது?" என்றார் முனிசாமி, கடைசி ஆயுதமாக.

எல்லம்மாள் மீன் கூடைகளுக்கு நடுவிலிருந்து எழுந்தாள். "கழுவத்தான நைனா உனக்குச் சம்பளம்? ரெண்டு வருசமா பூட்டுக்கு எண்ணெ போட்டுகினு குந்திகினு இருந்த. இப்ப தொடப்பத்த எடு."

புலிக்குகைக்கு அவர்கள் தாமதமாகப் போனார்கள். மாமல்லபுரத்துக்கு மிகவும் தாமதமாகப் போனார்கள். தபசுப் பாறையின் முன் நின்றபோது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. இதற்கு முன் ஐந்து முறை அதைப் பார்த்தவள் பிரபாவதி. ஐந்து முறையும் ஒற்றைக் காலில் நிற்கும் முனிவரைத் தவிர எதுவும் கண்ணில் பட்டதில்லை, அவருடைய அவஸ்தை மட்டும் புரிந்ததால். இன்றுதான் யானைக்கடியில் படுத்திருக்கும் குட்டிகளைப் பார்த்தாள். மூக்கைச் சொறியும் மானைப் பார்த்தாள். கையுயர்த்தித் தவம் செய்யும் பூனையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை யானைகளையும் மான்களையும் தவறவிட்டிருப்பாளோ!

ஜானகிராமன் அருகில் வந்து தாளை நீட்டினார். ஒன்பது தலங்களின் கீழே, தன் சிறிய கையெழுத்தில், பத்தாவதாக ஒரு வரி சேர்த்திருந்தார். ஊர், கட்டடம், திறந்த தேதி, 'இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் திறக்கப்பட்டது, திறந்தவர் பிரபாவதி'.

"இதையும் கல்லுல வெட்டலாம்" என்றார்.

"வெட்டுங்க. முதல்ல உங்க திட்டத்துல ஒவ்வொரு ஊருக்கும் பத்து நிமிஷம் வெட்டுங்க, எனக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. எழுதிக்கொண்டார். 'தலா பத்து நிமிடம்.'

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். எட்டாம் நாள் காலை பிரபாவதியின் கைபேசி ஒலித்தது. நுங்குக் கடையிலிருந்து எல்லம்மாள்; குறிப்பேட்டில் எழுதிய எண்ணை அன்றே வாங்கி வைத்திருந்தாள். "யக்கா, புதுப் பூட்டு போட்டுட்டானுங்க. முனிசாமி இல்ல, வேற ஆளு. இன்னும் பெருசு."

"முனிசாமி எங்க?"

"வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. உன் எழுத்தக் காட்டித்தான் வேல தப்பிச்சானாம். உன்ன விசாரிச்சான்."

பழைய பூட்டு அப்போது கண்ணாடி அலமாரியில், மாமல்லபுரத்தில் வாங்கிய மாக்கல் யானைக்குப் பக்கத்தில் இருந்தது. பிரபாவதி மூன்று லிட்டரில் முதல் லிட்டரை நின்றபடியே குடித்தாள். கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டிக் காலி செய்தாள். "பிரதீபா, கிளம்பு. பஸ்ஸுல போறோம்" என்றாள்.

அவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண்ணின் கைப்பையில் எத்தனை பூட்டுகள் கொள்ளும்? சாலைகள் நீளமானவை, கல்வெட்டுகள் ஏராளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி. பார்த்தது போதும், பெருமக்களே! அடுத்த முறை ஊர் சுற்றக் கிளம்பும்போது வீட்டுப் பெண்களை வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். பூட்டிய கதவின் முன் வண்டியை நிறுத்துங்கள். சாவியைக் கேளுங்கள். கொடுக்கும் வரை அங்கிருந்து நகராதீர்கள். கல்லில் வெட்டிய பதினொரு பெயருக்கும் உங்கள் பெயர், முகவரியோடு எழுதிக் கேளுங்கள். பிரபாவதியின் பை சீக்கிரம் நிறைந்துவிடும். உங்கள் பையைக் கொண்டு வாருங்கள்!